சோறு போடும் நேரம் பார்த்து வயிற்றைப் பிரட்டினால்

கேள்வி: என் அக்காவின் மகளுக்கு 14 வயது. ஞாயிறு மதியம் களுவாஞ்சிக்குடியில் அம்மா வீட்டில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவோம். சில மாதமாக, சோறு போடும் நேரத்தில் அவளுக்கு வயிற்றைப் பிரட்டுகிறது. அறைக்குள் போய்விடுகிறாள். தனியே இருந்தால் சாப்பிடுகிறாள். சின்னம்மாவாக நான் என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளை நடிக்கவில்லை. பயந்த உடம்பில் வாய் உலரும், இரைப்பை மந்தமாகும், ஓங்காளம் வரும். அந்த நேரத்தில் "ரெண்டு வாய் சாப்பிடன்" என்றால் தொண்டை இன்னும் இறுகும். தனியே சாப்பிடுகிறாள் என்பதால், சோற்றைவிடச் சுற்றியிருக்கும் கண்களுக்கே பயப்படுகிறாள் போலிருக்கிறது.

நம் வீடுகளில் பாசம் அகப்பையில்தான் வரும். கேட்காமலே இன்னொரு துண்டு மீன் விழும். "என்ன, மெலிஞ்சு போனாய்" என்பார் மாமி. "இண்டைக்கு வடிவாச் சாப்பிடுறாள்" என்று பாராட்டினாலும் பலன் ஒன்றுதான்: எல்லாரும் அவள் கோப்பையைப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, இறால் கோது கழற்றும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ அவளோடு கதையுங்கள். கை வேலையாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு வாய் திறப்பது லேசு. "அந்த நேரத்தில் எது கூடக் கஷ்டம், சத்தமா, ஆக்கள் கேட்கிறதா?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அக்காவிடமும் சொல்லி, அவளோடு சின்ன ஒப்பந்தம் செய்யுங்கள். வாசல் பக்கம் இருக்கலாம், தானே போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் சோறும் தயிரும் என்றாலும் சரி, 10 நிமிடம் இருந்துவிட்டுக் காரணம் சொல்லாமல் எழும்பலாம். பழகப் பழக நேரத்தைக் கூட்டுங்கள். "நீ வரவே வேண்டாம்" என்று முழுதாக விட்டுவிடாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும்.

அப்புறம் அம்மம்மா. என் அனுபவத்தில் இதுதான் கஷ்டமான இடம். "பேசாம இருங்க" என்றால் கோபித்துக்கொள்வார். 1978 சூறாவளியில் கூரை பறந்த கதையை எடுத்துக் கொடுங்கள், மதியச் சாப்பாடு முடியும்வரை அதுவே போதும்.

வயிற்றில் வேறு வருத்தம் உண்டா என்று ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். தனியே இருக்கும்போதும் சாப்பாடு குறைந்தால், நிறை இறங்கினால், சாப்பிட்டதும் போய் வாந்தி எடுத்தால், மாதவிடாய் நின்றால், இது உங்கள் கையில் மட்டும் வைத்திருக்கிற விஷயமில்லை. தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். மயங்கி விழுந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பசிக்கு டொனிக் வாங்க நினைத்திருந்தால், இவற்றைச் செய்து பார்க்கும்வரை அதைக் கடையிலேயே விட்டுவையுங்கள்.