வாசகர் கேள்வி: முப்பது பேருடன் வானம் பார்க்கப் போகிறோம்

கேள்வி: ஐயா, நான் திருப்பத்தூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் உறவினருக்கு ஒரு நிலம் இருக்கிறது. மாசி மாதத்தில் மாணவர்கள், பெற்றோர்கள் என முப்பது பேரை அங்கு அழைத்துச் சென்று ஓர் இரவு வானம் காட்ட விரும்புகிறேன். எப்படித் தயாராவது? (வாசகி, ஆலங்காயம்)

பதில்: இடத்தைப் பொறுத்தவரை தங்களுக்குக் கவலையே வேண்டாம். அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே பணி தொடங்கியது. நகர வெளிச்சத்திலிருந்து விலகிய இடம் என்பதோடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானமும் நன்கு தெரியும் என்பதாலேயே அந்த இடம் தேர்வானது. மாசியும் நல்ல தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடையின் புழுதி மூட்டம் தொடங்காத காலம் அது.

நாளைக் குறிக்கத் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசையன்றே போக வேண்டும் என்பதில்லை. அன்று பல வீடுகளில் விரதமும் தர்ப்பணமும் இருக்கும். அமாவாசைக்கு முந்தைய மூன்று நாட்களும் பிந்தைய மூன்று நாட்களும் ஏறத்தாழ அதே அளவுக்கு உகந்தவை. என்னைக் கேட்டால் மூன்றாம் பிறை தெரியும் மாலையைத் தேர்ந்தெடுப்பேன். கீற்று நிலவையும், பூமியிலிருந்து திரும்பும் ஒளியில் மங்கலாகத் தெரியும் அதன் இருண்ட பகுதியையும் பிள்ளைகள் முதலில் பார்க்கலாம். எட்டு மணி சுமாருக்கு அது மறைந்ததும் வானம் முழுவதும் விண்மீன்களுக்கு உரியதாகிவிடும்.

அந்த நிலத்தை ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. நம் ஊர் வயல்வெளியில் இருட்டில் நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறுதான். பக்கத்து நிலத்தில் அப்படி ஒன்று இருந்தாலும் இடத்தை மாற்றிவிடுங்கள். பன்றிக்காக மின்கம்பி கட்டியிருக்கிறார்களா என்றும் நேரில் விசாரியுங்கள். அறுவடை முடிந்து காய்ந்த, புதர் இல்லாத நிலமாக இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. பட்டா நிலத்திலேயே இருங்கள். ஊராட்சித் தலைவரிடமும், சுற்றியுள்ள வீடுகளிலும், காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் முப்பது பேர் வயலில் விளக்கில்லாமல் நடமாடினால் ஊரார் சந்தேகப்படுவது நியாயமே. அவர்களையும் வானம் பார்க்க அழைத்துவிட்டால் இன்னும் சிறப்பு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அன்றிரவு தங்களிடம் இருக்கப்போகும் மிகச் சிறந்த கருவி, இருட்டுக்குப் பழகிய கண்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடுகிறது. ஆனால் மங்கிய ஒளியை உணரும் விழித்திரைச் செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி மீண்டும் சேர்வதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். கைப்பேசித் திரை ஒன்று முகத்துக்கு நேரே சில நொடிகள் ஒளிர்ந்தாலே, அந்த அரைமணி நேரக் காத்திருப்பில் பெரும்பகுதி வீணாகிவிடும். தனியாகப் போகிறவருக்கு இது தன்னோடு போகும் இழப்பு. குழுவில் ஒருவர் செய்யும் தவறு அருகில் இருக்கும் அத்தனை பேரின் கண்ணையும் கெடுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் உடன் சென்ற ஒரு குழுவில், குழந்தைகளுக்குப் பால்வழி மெல்லப் புலப்படத் தொடங்கிய நேரத்தில் ஒருவர் படம் எடுக்க, பளிச்சென்று விளக்கு மின்னியது. மீண்டும் அது தெரிவதற்குள் இரண்டு சிறுவர்கள் தூங்கிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஆகவே புறப்படும் முன்பே பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏழரை மணிக்குப் பிறகு கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். அவசரத்துக்குத் தங்களிடம் ஒன்று இருந்தால் போதும். வாகனங்களைத் திரும்பிப் போகும் திசையில் சற்றுத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். பூட்டும்போதும் கதவைத் திறக்கும்போதும் விளக்குகள் எரியும் என்பதால், உணவு, போர்வை அனைத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். சூரியன் மறைந்த ஒன்றேகால் மணி நேரத்தில் வானம் முழுமையாக இருண்டுவிடும்; எனவே மாலை ஐந்து மணிக்கே அங்கே இருங்கள். கைவிளக்குகளின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். ரொடாப்சின் சிவப்பு ஒளியால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. ஒரே மடிப்பில் வெள்ளை ஒளி கசியும் என்பதால் முதல் நாளே இருட்டறையில் சோதித்துவிடுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒதுங்கப் போகும்போதும் வரப்பில் நடக்கும்போதும் வெள்ளை விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். காலில் மூடிய காலணி இருக்க வேண்டும். துணைக்கு ஒரு பெரியவர் போக வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் இரைதேடும். தரையில் உறங்குபவர்களைக் கடிப்பதும் அதன் இயல்பு. எனவே பாயில் படுத்து வானம் பார்ப்பது எவ்வளவு சுகமானாலும், அங்கேயே பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். மடக்கு நாற்காலி உத்தமம். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, அங்கு போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கெட்டால் அரைமணியில் திரும்பிவிடும் என்பதால், பாதுகாப்பா இருட்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம் தயங்காமல் விளக்கைப் போடுங்கள்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வெட்டவெளியில் பத்து மணிக்கு மேல் அது நன்றாகவே புரியும். குல்லா, கம்பளி, பிளாஸ்கில் சுக்குக் காப்பி ஆகியவற்றைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பிலிருந்து இதுபோல ஒரு குழு கிளம்புகிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தொலைநோக்கி வாங்கலாம் என்கிறார்கள். தேவைதானா? (வாசகர், வேலூர்)

பதில்: முதல் முறைக்குத் தேவையில்லை. முப்பது பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்தாலும் ஒரு சுற்று முடிய அரைமணி நேரம் ஆகும். அந்தப் பணத்தில் 7x50 அல்லது 10x50 அளவுள்ள இருகண் நோக்கிகள் இரண்டு மூன்று வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7x50 கருவியில் அது சுமார் 7 மி.மீ. வயதானவர்களின் கண்பாவை அவ்வளவு விரியாது. ஆகவே பெரியவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு 10x50 பொருத்தம். வில்லையில் பனி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். கறுப்பு அட்டையைக் குழலாகச் சுருட்டி முன்புறம் செருகினால் பனி படிவது தாமதமாகும். தொலைநோக்கியையும் காட்ட விரும்பினால், தங்கள் பகுதியில் உள்ள தமிழ்நாடு அறிவியல் இயக்க நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வருகிறவர்களின் எதிர்பார்ப்பையும் தயார்செய்வது அவசியம். புகைப்படங்களில் செக்கச்செவேலென்று இருக்கும் ஓரியன் ஒண்முகில் என்னும் விண்வெளி வாயு, தூசு மேகம், கண்ணுக்குச் சாம்பல்நிறப் புகையாகத்தான் தெரியும். அதை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையின் மையத்தில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லாததால், ஓரப்பார்வையில்தான் அது துலங்கும். கருவியைக் கையில் கொடுக்கும் முன், பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் அறிந்த கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியவற்றை வெறுங்கண்ணால் வரிசையாகக் காட்டுங்கள். தன் நட்சத்திரத்தை முதன்முதலாக வானத்தில் பார்த்த பாட்டி ஒருவர் கைகூப்பி நின்றதை நான் கண்டிருக்கிறேன். தெற்கே தாழ்வாக அகத்திய விண்மீன் ஒளிரும். மாசி நடுவில் விடியும்வரை விழித்திருப்பவர்களுக்கு மூன்று மணியளவில் தெற்கே தென்சிலுவை கிடைக்கும்.

கேள்வி: விண்மீன்களைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் விளக்கு கொண்டு போகலாமா? (வாசகர், தருமபுரி)

பதில்: வேண்டாம். அந்த ஒளி விமானிகளின் கண்ணைக் கூசச்செய்யும். குழந்தைகள் கையில் சிக்கினால் பார்வைக்கே கேடு. அதற்குப் பதில் கையை அளவுகோலாக்குங்கள். நீட்டிய கையில் மடக்கிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், தருமபுரியில் வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே அது இருக்கும். சிறுவரின் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, அவர் பார்வைக்கோட்டில் விரல் நீட்டிக் காட்டினால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.