மாதிரி கார்களுக்குச் சாயம் பூசுதல்: பினாங்கு, கோலாலம்பூர் அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பிளாஸ்டிக் மாதிரி கார் கட்டும் நம் அன்பர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சாயத்தைப் பற்றியவை. பீரங்கி வண்டிக்கோ போர்க்கப்பலுக்கோ அழுக்கும் துருவும் அழகு சேர்க்கும். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணாடிபோல் மின்ன வேண்டிய அதன் மேற்பரப்பில் ஒரு தூசி விழுந்தாலும் தெரிந்துவிடும். கிட் எனப்படும் பாகத் தொகுப்பின் பெட்டியிலும் சாயக் குப்பியிலும் அச்சிட்டுள்ள குறிப்புகள் பெரும்பாலும் நம்முடையதைவிட வறண்ட காற்றைக் கருதி எழுதப்பட்டவை என்பதால், நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி அவற்றை எப்படி மாற்றிக்கொள்வது என்பதையே முதன்மையாகக் கொண்டு விடையளிக்கிறேன்.

ஐயா, 12 வயது மகனுடன் சேர்ந்து முதல் காரைக் கட்ட விரும்புகிறேன். எந்த அளவில், எதை வாங்குவது? (பட்டர்வொர்த்)

1/24 அளவில், அதாவது உண்மைக் காரின் நீளத்தில் 24இல் ஒரு பங்காக வரும் மாதிரியில், தொடங்குங்கள். தமியா, ஹசேகாவா, புஜிமி, அவோஷிமா ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கார்களில் மிகுதியானவை இந்த அளவில்தான் வருகின்றன. அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் 1/25. முதல் காருக்கு எஞ்சின் விவரங்கள் குறைவாகவும் பானட் மூடியபடியும் உள்ள கிட் நல்லது. தமியாவின் பழைய மினி கூப்பர் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மையான மினியின் நீளம் ஏறத்தாழ 3.05 மீட்டர் என்பதால் மாதிரி 12.7 சென்டிமீட்டர்தான் வரும். சிறுவனின் கைக்கு அது அடக்கமானது.

நிப்பர், கத்தி, 400 முதல் 1000 வரையிலான மணல்தாள் (எண் கூடக் கூட நுண்ணியது), மெல்லிய திரவப் பசை ஆகியவை போதும். பாகத்தை ரன்னரிலிருந்து, அதாவது பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டும்போது முதலில் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மீதமுள்ள முனையை இரண்டாவது வெட்டில் நீக்குங்கள். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். பசை தானாகவே உள்ளே ஓடி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். கத்தி வேலையைத் தற்போதைக்கு நீங்களே செய்யுங்கள்.

அண்ணா, கறுப்பு ஸ்பிரே அடித்த சில நிமிடங்களில் கார் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. மழை நாள்தான், ஆனால் மூடிய இடத்தில்தான் அடித்தேன். (செந்தூல்)

தம்பி, கூரை மழைத்துளியைத் தடுக்குமே தவிர ஈரப்பதத்தைத் தடுக்காது. நீங்கள் அடித்தது லேக்கர், அதாவது விரைவில் ஆவியாகும் கரைப்பானில் கலந்த சாயம். அந்தக் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஸ்பிரே குப்பியிலிருந்து வரும் வாயுவும் குளிர்ச்சியானது. இவ்விரண்டும் சேர்ந்து காரின் மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாக ஈரச்சாயத்தில் படிந்து சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த வெண்மை அதுதான். வெள்ளைக் காரில் கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும். கறுப்பிலும் அடர் நீலத்திலும் மறைக்கவே முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. வெப்பநிலை 30 பாகை செல்சியஸாகவும் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும்போது, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின்மீதும் நீர் படியும். குளிர்சாதன அறையில் 22 பாகையில் இருந்த காரின் கூட்டைப் பால்கனிக்கு எடுத்துச் சென்று உடனே ஸ்பிரே அடித்தால், பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல், சாயம் படுவதற்கு முன்பே கூட்டின்மீது நீர் படிந்திருக்கும். ஆகவே கூட்டையும் குப்பியையும் அரை மணி நேரமாவது வெளிக்காற்றில் வைத்து, அந்த வெப்பநிலைக்கு வரவிட்ட பிறகே தொடங்குங்கள். குப்பியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் நிறுத்தி வைப்பதும் உதவும். கொதிநீர் கூடவே கூடாது; குப்பி வெடிக்கும். எடுத்த பிறகு அடிப்பாகம்வரை துடைத்துவிடுங்கள், இல்லையெனில் அந்த நீர் காரில் சொட்டும்.

நாளின் எந்த நேரம் என்பதும் முக்கியம். மழையில்லாத நாளில் நண்பகலுக்குப் பிறகுதான் ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும். விடியற்காலை குளுமையாக இருந்தாலும் காற்று ஈரமாகவே இருக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி, அது 70 விழுக்காட்டுக்குமேல் காட்டும் நாளில் லேக்கரைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே வெளுத்த காரை வீசிவிட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வறண்ட நேரத்தில் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை (சாயத்தை இளக்கும் நீர்மம்) மட்டும் ஏர்பிரஷால் (அழுத்திய காற்றால் சாயம் தூவும் கருவி) மிக இலேசாகத் தூவுங்கள். மெதுவாக ஆவியாகும் அந்தத் தின்னர் மேற்பூச்சை மறுபடியும் இளக்குவதால் சிக்கிய ஈரம் வெளியேறி, கறுப்பு மீண்டும் கறுப்பாகும்.

வணக்கம் அண்ணா. என் கணவர் 14ஆவது மாடியிலுள்ள எங்கள் வீட்டின் படுக்கையறையில் ஸ்பிரே அடிக்கிறார். கைக்குழந்தை இருக்கிறது. முகக்கவசம் போட்டால் போதும் என்கிறார். (பிரிக்பீல்ட்ஸ்)

போதாது அம்மா. சாதாரண முகக்கவசமும் என்95 கவசமும் துகள்களைத்தான் தடுக்கும். கரைப்பானின் ஆவி அவற்றைக் கடந்து நுரையீரலுக்குள் போய்விடும். கரிமஆவிகளை உறிஞ்சும் வடிகுப்பி பொருத்திய கவசம் தேவை. அதுவும் அவரை மட்டுமே காக்கும். அதே காற்றைச் சுவாசிக்கும் குழந்தையைக் காக்காது. குழாய் வழியாகச் சன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் ஸ்பிரே பெட்டி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். குழந்தை வேறு அறையில், கதவு மூடியபடி இருக்க வேண்டும். சாயம் பூசிய காரும் காயும்வரை படுக்கையறைக்கு வரக்கூடாது, ஏனெனில் காயும்போதும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த ஆவி எளிதில் தீப்பற்றும். சாமி அறையில் விளக்கு எரியும் நேரத்திலும், அடுப்பு எரியும்போதும் ஸ்பிரே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் வீட்டில் இடமில்லை என்றால், தூரிகையால் பூசும் நீர்வகை அக்ரிலிக் சாயங்களோடு அவர் நிறுத்திக்கொள்வதே முறை.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த காருக்கு வெள்ளை அடித்தேன். மூன்று பூச்சுக்குப் பிறகும் இளஞ்சிவப்பாகவே தெரிகிறது. (ஆயர் ஈத்தாம்)

எத்தனை பூச்சு அடித்தாலும் தெரியும். பிளாஸ்டிக்கிலுள்ள சிவப்பு நிறமி லேக்கரின் கரைப்பானில் கரைந்து மேலே ஏறி வருகிறது. பிரைமர் எனப்படும் அடிப்பூச்சுக்குமேல் ஒரு வெள்ளிநிறப் பூச்சு கொடுங்கள். அதிலுள்ள உலோகச் செதில்கள் நிறமியைத் தடுத்து நிறுத்தும். அதன்மேல் வெள்ளைப் பிரைமர், பிறகு வெள்ளை.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஸ்பிரே மலிவாக இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா? (கெப்போங்)

அவற்றில் பல உலோகத்துக்கும் மரத்துக்கும் உரியவை. அவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அரித்து, மேற்பரப்பைச் சுருங்கவைக்கும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின்மீது அடித்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். தமியாவின் டி.எஸ். வகை ஸ்பிரேக்கள் இந்தப் பிளாஸ்டிக்குக்கென்றே செய்யப்பட்டவை. அதே நிறுவனத்தின் பி.எஸ். வகை, தொலைக்கட்டுப்பாட்டுக் கார்களின் பாலிகார்பனேட் கூட்டுக்கு உரியது. கடையில் இரண்டும் அருகருகே இருக்கும் என்பதால் பார்த்து வாங்குங்கள்.

காரின் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல்போல் புள்ளிபுள்ளியாக வருகிறது. கண்ணாடிப் பளபளப்பு எப்படிக் கிடைக்கும்? (சுங்கை டுவா)

சாயத்துளி காருக்கு வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடுவதால் அப்படி ஆகிறது. நம் வெயிலில், 30 சென்டிமீட்டருக்கு அப்பாலிருந்து அடித்தால் இதுதான் நேரும். 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சீராக நகர்த்துங்கள். முதல் பூச்சு வெறும் தூவல். இரண்டாவது சற்று மூடலாம். மூன்றாவதுதான் ஈரமாக மின்ன வேண்டும். இடையில் அரை மணி நேரமாவது விடுங்கள்.

கனமாக ஒரே பூச்சில் முடிக்கலாமே என்று கேட்போர் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உண்மையான காரில் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் நம் மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர். சாயம் 0.1 மில்லிமீட்டர் தடித்தாலே இருபுறமும் சேர்ந்து அந்தக் கோடு அடைபட்டுவிடும். இதனால்தான் பிரைமருக்கு முன்பே கதவுக் கோடுகளைக் கீறும் ஊசியால் ஆழப்படுத்திக்கொள்வது வழக்கம். தமியாவின் பீட்டில், மினி போன்ற சிறிய கார்களில் இதைத் தவறவிட்டால் கதவே இல்லாத கார்போல் தோன்றும்.

பளபளப்பு என்பது டி.எஸ்.-13 போன்ற நிறமற்ற மேல்பூச்சைத் தேய்த்துப் பெறுவது. மேல்பூச்சு அடித்து ஒரு வாரமாவது காத்திருங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரம். காரை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசம் இருக்கும்வரை அது காயவில்லை. பிறகு 2000, 3000 மணல்தாள்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த நீரில் நனைத்து, விரலின் கனத்தைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் தேயுங்கள். அடிக்கடி துடைத்து, விளக்கொளியைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் மின்னும் புள்ளிகளாகவும் தெரியும். அந்தப் புள்ளிகள் மறைந்து கூரை முழுவதும் ஒரே மங்கலாக மாறியதும் நிறுத்திவிட வேண்டும். கூரையின் ஓரம், சக்கர வளைவின் விளிம்பு, பானட்டின் மடிப்பு ஆகிய இடங்களில் சாயம் மிக மெலிதாக இருப்பதால், மெல்லிய டேப் ஒட்டி அவற்றைக் காத்துக்கொண்டு, கடைசியில் டேப்பை அகற்றி ஓரிரு முறை மட்டும் துடையுங்கள். அதன்பின் பாலிஷ் பசைகள்: முதலில் சொரசொரப்பானது, அடுத்து நுண்ணியது, இறுதியில் மிக நுண்ணியது. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். கோடுகளில் தங்கிய பாலிஷ் மாவை மென்மையான பல்துலக்கியால் கழுவிவிட்டு, கோடுகளை எடுப்பாகக் காட்டும் எனாமல் (எண்ணெய்வகைச் சாயம்) கோட்டுச்சாயத்தை ஓடவிடலாம்.

லேக்கர்மேல் எனாமல் பூசலாமா? (கிள்ளான்)

பூசலாம். எனாமல்மேல் லேக்கர் அடித்தால் அடியிலுள்ளது சுருங்கிவிடும். எனாமல் தின்னர் சாயம் பூசாத பிளாஸ்டிக்கில் தங்கினால், குறிப்பாக இறுக்கிப் பொருத்திய பாகங்களில், விரிசல் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காரின் கண்ணாடிகளை ஒட்டியபின் அவற்றில் வெண்படலம் படிகிறது. (ஜெலுத்தோங்)

சூப்பர் குளூ பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. காய்ந்தபின் நிறமற்றதாகிவிடும் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் சிறு புள்ளிகளாக வைத்து, மறுநாள்வரை டேப்பால் பிடித்து வையுங்கள். இப்போது படிந்திருப்பது இலேசாக இருந்தால் நுண்ணிய பாலிஷ் பசை எடுத்துவிடும்.

ஏர்பிரஷ் வாங்கினேன். நடுவில் திடீரென்று தண்ணீர் துப்புகிறது. (பூச்சோங்)

கம்ப்ரசர் நம் ஊர்க் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. அந்த நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறியைக் கம்ப்ரசரோடு ஒட்டி மட்டும் வைக்காமல், ஏர்பிரஷின் கைப்பிடிக்கு அருகில் இன்னொன்றும் பொருத்துங்கள். குழாயில் வரும் வழியில் காற்று குளிர்ந்து விடும் நீரை அது பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் தொட்டியின் அடிவால்வைத் திறந்து வடித்துவிடுங்கள்.

பழைய கிட்டிலுள்ள டிகேல் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) மஞ்சளாகிவிட்டது. (தைப்பிங்)

பிளாஸ்டிக் உறையில் இட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாள்கள் ஒட்டி வையுங்கள். மஞ்சள் பெருமளவு வெளுக்கும். பிறகு, நீரில் உடைந்துபோகிறதா என்று சோதித்துப் பார்க்க, ஓரத்திலுள்ள தேவையற்ற ஒன்றை வெட்டி முதலில் நீரில் இடுங்கள். இனி வாங்கும் டிகேல்களை உலர்த்தும் பொட்டலத்தோடு மூடிய உறையில் வையுங்கள்.

என் தந்தையார் ஓட்டிய புரோட்டோன் வீராவைக் கட்டித் தர விரும்புகிறேன். வழியுண்டா, ஐயா? (புக்கிட் மெர்தாஜாம்)

உண்டு, உழைப்பு மிகுந்த வழி. மலேசிய நிறுவனமான புரோட்டோன் 1993இல் வெளியிட்ட வீரா, மிட்சுபிஷி லான்சரின் நான்காம் தலைமுறையை அடியொற்றியது. ஹசேகாவா வெளியிட்ட 1/24 லான்சர் எவலூஷன் 3 அதே தலைமுறைக் கார் என்பதால் கூரை, கதவுகள், கண்ணாடிகள் ஆகியவற்றின் அடிப்படை உங்களுக்குக் கிடைத்துவிடும். பின்பக்கப் பெரிய இறக்கையை விட்டுவிட்டு அதன் துளைகளை அடையுங்கள். பானட்டின் காற்றுத் துளைகளைப் பிளாஸ்டிக் தகடு வைத்துப் பட்டியால் (குழியை நிரப்பும் பசைமாவு) நிரப்பிச் சமன்செய்யுங்கள். முன்பம்பர், கிரில், பின்விளக்குகள் ஆகியவற்றை உண்மைக் காரை அளந்து, 24ஆல் வகுத்து, தகட்டில் புதிதாகச் செய்ய வேண்டும். மலேசிய ஓட்டுநர் கரம்ஜித் சிங் 2002இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி வாகையை வென்ற புரோட்டோனைக் கட்ட விரும்புவோர் அந்த ஆண்டின் நிழற்படங்களை முதலில் சேகரிக்கட்டும். புரோட்டோனின் சாகா காரைக் கட்டுவோருக்கும் ஓர் எச்சரிக்கை: 1985இல் வந்த அந்தக் கார் லான்சர் ஃபியோரேயைத் தழுவியது. கடைகளில் கிடைக்கும் பழைய லான்சர் ரேலி கிட் பின்சக்கர இயக்கமுள்ள வேறொரு கார். பெயர் ஒன்றாயிருப்பதால் ஏமாற வேண்டாம்.

நிறத்துக்கு, சாயம் வெளுக்காத இடத்தைப் பாருங்கள்: கதவைத் திறந்தால் தெரியும் உட்தூணிலும் டிக்கியின் உள்விளிம்பிலும் தொழிற்சாலை நிறம் அப்படியே இருக்கும். உலோக நிறமாயின் உண்மைக் காருக்குரிய சாயத்தை வாங்காதீர்கள். அதன் மினுக்குத் துகள்கள் இந்த அளவில் மணல்போல் பெரிதாகத் தெரியும். எண் பலகை கறுப்பில் வெள்ளை எழுத்து. பினாங்கில் பதிந்த கார் என்றால் பி (P) என்ற எழுத்தில் தொடங்கும். அதை நிழற்படத் தாளில் அச்சிட்டு, வெட்டிய ஓரத்தின் வெண்மையைக் கறுப்புப் பேனாவால் மறைத்து, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.