ஒத்தெல்லோ: காயைப் புரட்டும் ஆட்டம், கேட்டவர்களுக்குப் பதில்

ஏனுங்கண்ணா, விதியைக் கொஞ்சம் தெளிவாச் சொல்லுங்க, வீட்டில் பையனோட தினமும் சண்டை. (பல்லடம்)

எட்டுக்கு எட்டுக் கட்டம், 64 காய், ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. நடு நாலு கட்டத்தில் இரண்டு கறுப்பும் இரண்டு வெள்ளையும், ஒரே நிறம் கோணலாக எதிரெதிரே வரும்படி இருக்கும், கறுப்புதான் முதலில் ஆடும். நீங்கள் வைக்கும் காய்க்கும் ஏற்கெனவே உள்ள உங்கள் காய்க்கும் நடுவே, குறுக்கேயோ நெடுக்கேயோ கோணலாகவோ, இடைவெளி இல்லாமல் சிக்கும் எதிராளியின் காய்கள் எல்லாம் உங்கள் நிறத்துக்குப் புரளும். ஒன்றுகூடப் புரளாத இடத்தில் வைக்க முடியாது, சண்டை அங்கேதான் வந்திருக்கும். பல திசையில் சிக்கினால் எல்லாவற்றையும் புரட்டியே ஆகணும். வைக்க வழியில்லை என்றால் அந்த முறை போச்சு, இருவருக்கும் வழியில்லை என்றால் யார் நிறம் அதிகம் என்று காயை எண்ண வேண்டியதுதான்.

போர்டு எங்கே வாங்குறதுங்க? (கோபி)

வாங்காதீங்க. அட்டையில் கோடு போட்டு, திருப்பூர் பக்கம் யாராவது போனால் பெரிய வெள்ளைப் பட்டன் 64 வாங்கி வரச் சொல்லி, ஒரு பக்கம் மட்டும் மார்க்கரால் கறுப்படிங்க. சட்டைப் பட்டன் வேண்டாம், நகத்தில் புரட்டவே வராது.

பாதி ஆட்டம் வரை போர்டெல்லாம் என் நிறம், கடைசியில் தோத்துப்போறேன். ஏன்? (ஈரோடு)

நிறையப் புரட்டுவதால்தான்! உங்கள் காய் வெளிப்பக்கம் பரவிக் கிடந்தால் எதிராளிக்கு வைக்க இடம் ஏராளம், உங்களுக்கு இடமே இருக்காது. ஆடுபுலியில் புலியை நகர விடாமல் அடைப்போமே, இங்கேயும் வேலை அதுதான். ஆரம்பத்தில் குறைவாக, நடுவில் அடங்கி இருக்கும் காயாகப் பார்த்துப் புரட்டுங்க. வழி குறைந்த எதிராளி, தான் விரும்பாத கட்டத்தில் வைத்தே ஆகணும்.

அந்த விரும்பாத கட்டம் எது? மூலைக்குக் கோணலாக ஒட்டிய கட்டம். அதில் நீங்கள் வைத்தால், அதே கோணல் வரிசையில் அடுத்து எதிராளியின் காய் ஒன்று இருந்தாலே போதும், மூலை அவருக்கு. மூலையில் உட்கார்ந்த காயை யாராலும் புரட்ட முடியாது, அப்புறம் ஓரம் முழுக்க அதை ஒட்டியே சேர்ந்துவிடும். ஓரத்தில் மூலையை ஒட்டிய கட்டமும் ஆபத்துதான், ஆனால் அவ்வளவு மோசம் இல்லை.

வெள்ளை எடுத்தால் நஷ்டமா? (கரூர்)

இல்லீங்க. இருவரும் பிழையில்லாமல் ஆடினால் சமன் என்று ஜப்பானின் ஹிரோகி தகிசாவா 2023இல் கணினிக் கணக்கில் காட்டினார். யாரும் முறை இழக்காமல் போனால் கடைசிக் காயை வெள்ளைதான் வைக்கும், அது ஒரு சின்ன லாபம்.

கணினியை ஜெயிக்க முடியுமா? (பொள்ளாச்சி)

நல்ல நிரலை முடியாது. 1997இலேயே லோஜிஸ்டெல்லோ என்ற நிரல் அப்போதைய உலக சாம்பியன் தகேஷி முரகாமியை ஆறுக்கு ஆறும் தோற்கடித்துவிட்டது. மொபைலில் எளிய நிலையை வைத்து ஆடுங்க.

பஸ் வர்றதுக்குள்ளே ஒரு ஆட்டம் முடியுமா? (உடுமலை)

அதிகபட்சம் 60 காய்தான் வைக்கணும், யோசித்துக்கொண்டே உட்காராவிட்டால் முடியும். ஆனா பட்டனைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகாதீங்க, ஒன்று உருண்டுபோனாலும் கணக்கு குழம்பிடும்.