நீக்கப்பட்ட சொற்கள் என்ன ஆகின்றன?

கேள்வி: மக்களவையில் ஓர் உறுப்பினர் பேசியதைத் தொலைக்காட்சி நேரலையில் கேட்டேன். அதில் சில சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதாக மறுநாள் செய்தி வந்தது. நாடே கேட்டுவிட்ட பேச்சை நீக்குவதால் என்ன பயன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அவதூறானவை, ஆபாசமானவை, நாடாளுமன்ற மரபுக்கு ஒவ்வாதவை, கண்ணியக் குறைவானவை என்று தாம் கருதும் சொற்களை நீக்கும்படி ஆணையிட, மக்களவை நடைமுறை விதி 380 சபாநாயகருக்கு அதிகாரம் தருகிறது. எனினும் அச்சொற்கள் சுவடே இன்றி மறைந்துவிடுவதில்லை. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறி இட்டு, தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் தர வேண்டும் என்கிறது அடுத்த விதி. விவாதத் தொகுதிகளைப் புரட்டினால், 'பதிவு செய்யப்படவில்லை' என்ற வேறோர் அடிக்குறிப்பும் கண்ணில் படும். அது, தலைவரின் அனுமதியின்றி எழுந்து பேசியவை குறிப்பில் ஏறவில்லை என்பதைக் காட்டுவது. இவ்விரண்டையும் செய்தித்தாள்களே பல நேரங்களில் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

நீக்கத்தின் பயன் சட்டத்தில்தான் இருக்கிறது. பீகார் சட்டமன்றத்தில் 1957-இல் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையை, நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்து, பாட்னாவின் 'சர்ச்லைட்' நாளிதழ் வெளியிட்டது. இதையொட்டி எழுந்த வழக்கில் 1958 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள், நீக்கப்பட்ட பகுதி சட்டத்தின் பார்வையில் பேசப்படாததற்குச் சமம் என்றும், அதை வெளியிடுவது அவையின் உரிமையை மீறியதாகக் கருதத்தக்கது என்றும் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அவைக்குள் பேசியதற்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாதபடி அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு காப்பதால், அங்கே இல்லாத ஒருவர்மீது வீசப்படும் பழிக்கு அவர் பதில் சொல்ல வழியில்லை. அந்தப் பழி அரசு ஆவணமாக நிலைத்துவிடாமல் தடுப்பதற்கு இந்த அதிகாரம் தேவை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அரசின் மீதான கடுமையான விமர்சனத்துக்கும் இதே விதி பாயும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டது என்பதையும் அடிக்குறிப்பு ஒரு வரியில் சொல்ல வேண்டும். இப்போது அது ஆணையை மட்டுமே சொல்கிறது. நேரலையில் கேட்டவர் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டு கழித்துத் தொகுதியைத் திறக்கும் ஆய்வாளருக்கு நட்சத்திரக் குறி மட்டுமே மிஞ்சும்.

உறுப்பினர்கள் தங்கள் உரையைத் தாங்களே மாற்றி எழுதிவிட முடியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. எழுத்துப்படி அவர்களுக்கு அனுப்பப்படுவது உண்மை. சிறு பிழைகளைத் திருத்தலாம், கருத்தை மாற்ற இடமில்லை.