வெயில் காலத்தில் போன் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகுமா? குளிரிலும் சார்ஜ் சட்டென்று இறங்குகிறதே?

வெயிலில் கெடுவது உண்மைதான். அதிலும் சூட்டோடு முழுச் சார்ஜும் சேர்ந்தால் போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆகவே ஆகாது.

ஓராண்டு சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதற்குப் பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரியில் 40% சார்ஜோடு வைத்தால் 96% தேறும். முழுச் சார்ஜோடு வைத்தால் 80%தான். 40 டிகிரியில் இதுவே 85, 65 என்று இறங்கிவிடும். தொடாமல் வைத்ததற்கே இந்தக் கதி!

உள்ளே கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது இல்லாமல் பேட்டரி இயங்காது, ஆனால் அது தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்றுகொண்டே போகும். போன லித்தியம் போனதுதான். சூடு அந்த வேலையை வேகப்படுத்துகிறது.

2012 கோடையில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பக்கம் நிசான் லீஃப் மின்கார் வைத்திருந்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். டாஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதல் கட்டம் போனாலே சுமார் 15% காலி. வண்டி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அப்புறம் நிறுவனம் கொள்ளளவுக்கென்றே வாரண்டி கொடுத்தது. 2015 மாடலில் சூடு தாங்கும் பேட்டரி வந்தது.

குளிர் விஷயம் வேறு. பேட்டரிக்குள் மின்சாரத்துக்கு இருக்கும் தடை கூடுவதால் மின்னழுத்தம் சரிகிறது, 30% காட்டும்போதே போன் அணைந்துவிடும். கதகதப்பானால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழான குளிரில் சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அது நிரந்தர நஷ்டம். கொடைக்கானல் போகிறவர்கள் பயப்பட வேண்டாம், லடாக் போகிறவர்கள் கவனிக்கலாம்.

என் லேப்டாப் நாள் முழுக்க சார்ஜரில்தான் கிடக்கும். அதனால் 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங்கில் வைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் பைக் ஹோல்டரில் மேப்பையும் ஓடவிட்டு சார்ஜும் ஏற்றுவதைப் பார்த்தால்தான் எனக்குப் பதறும். போன் கொதித்தால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, ஃபேன் காற்றில் வைத்தால் போதும்.