உணவு உதவி வாங்குவோர் சத்தான பொருள்களை மட்டும்தான் வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்துவது சரியா?

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்கள் உணவுப் பொருள் வாங்க அரசு தரும் ஸ்நாப் அட்டையில் சோடாவும் மிட்டாயும் வாங்க விடக்கூடாது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அப்படியொரு அட்டையோடு கல்லாவில் நின்றிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஸ்நாப் வாங்கியதில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிற விக் திட்டத்தில், அதாவது தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்குமான அரசு உணவு உதவியில், என் மகளுக்காகப் பொருள் வாங்கியவள்.

அப்போது கணவரின் ஆராய்ச்சி உதவித்தொகை மட்டும்தான் வருமானம். விக்கில் பட்டியலில் உள்ளதை, சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். அப்போது முழுக்கோதுமை ரொட்டியாக இருந்தால் போதாது, 16 அவுன்ஸ் பாக்கெட்டாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் விக் சீட்டு ஒட்டியிருந்த இடத்திலிருந்துதான் ரொட்டியை எடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் செல்லாது என்றார். மைக்கில் மேலாளரைக் கூப்பிட்டார், "விக்" என்று கடை முழுக்கக் கேட்டது. மேலாளர் வந்து என் பால், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்ட்ரோலரில் மகள் வீறிட்டு அழுதாள்.

சும்மா கிடைத்ததற்கு நன்றி வேண்டாமா என்பார்கள். நிறையவே இருக்கிறது. அது இல்லாமல் அந்த வருடத்தை ஓட்டியிருக்க முடியாது. சோடா நல்லது என்றும் நான் சொல்லவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் 2026 ஜனவரியிலிருந்து ஸ்நாப்பில் சோடாவும் எனர்ஜி டிரிங்க்கும் வாங்க முடியாது. சரி, அதோடு நின்றால் பரவாயில்லை. பட்டியல் நீள நீளக் கல்லாவில் கூனிக் குறுகப்போவது வாங்குபவர்தான். இப்போதே ஸ்நாப்பில் சுடச்சுட இருக்கும் சுட்ட கோழியை வாங்க முடியாது, ஆறிப்போய் குளிர்பெட்டிக்குள் போனால் வாங்கலாம். வேலை முடிந்து இரவில் வருகிறவருக்கு இதில் என்ன சத்து கூடிவிட்டது?

சாப்பாடு மாற வேண்டும் என்றால் வழி இருக்கிறது. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12இல் காய்கறி, பழத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டை ஸ்நாப் அட்டையிலேயே திருப்பிப் போட்டார்கள். அது கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 26 சதவீதம் அதிகமாகக் காய்கறியும் பழமும் சாப்பிட்டார்கள். யாரையும் மைக்கில் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், "உழைத்துச் சாப்பிடட்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கியலில் முதுகலை முடித்தவள் நான். மாணவரின் மனைவியாக எஃப்-2 விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். அதை மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் முதல் ஆளாக வருவேன்.