50,000 டாலர் புகைப்படம்

கேள்வி: எங்கள் திரைப்பட வட்டத்தில் சென்ற மாதம் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தைத் திரையிட்டோம். பாதிப் பேர் இடையிலேயே எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் முடிந்ததும் கைதட்டினார்கள். தலைப்பிலேயே அரக்கர்களை வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் அவற்றைக் காட்டுவது, பந்தியில் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாத கதை அல்லவா? குறைந்த செலவில் எடுத்தார் என்பதற்காக இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டுமா? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 2010இல் வெளிவந்த அந்தப் படத்தை (எலி வரும் நம்மூர் ‘மான்ஸ்டர்’ வேறு) எட்வர்ட்ஸ் 5 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், ஒரு வேனில் அடங்கிவிடக்கூடிய சிறு குழுவுடன் மத்திய அமெரிக்க நாடுகளிலும் மெக்சிகோவிலும் சுற்றி எடுத்தார். ஒளிப்பதிவைத் தாமே செய்தார். போகிற ஊரில் அகப்பட்டவர்களை நடிக்க வைத்தார். சுமார் 250 வரைகலைக் காட்சிகளை வீட்டுக் கணினியில் தாமே உருவாக்கினார். இவையெல்லாம் அவருடைய உழைப்புக்குச் சான்று. படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் ஆகாது. கைதட்டிய நண்பர்கள் செலவுக் கணக்கைக் காட்டித்தான் படத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், எழுந்து போனவர்களைவிட அவர்களே படத்துக்குப் பெரிய அநீதி செய்கிறார்கள்.

அதே சமயம், அரக்கனைக் காட்டக் காசில்லாததால் ஒளித்துவைத்தார் என்பதும் செல்லாது. இதே எட்வர்ட்ஸ் 2014இல் சுமார் 16 கோடி டாலர் செலவில் ‘காட்ஸில்லா’ எடுத்தார். அதிலும் நாயக விலங்கு நெடுநேரம் வரவே இல்லை என்று ரசிகர்கள் இதே புகாரைத்தான் சொன்னார்கள். பணம் வந்த பிறகும் ஒருவர் அப்படியே எடுக்கிறார் என்றால், அது அவருடைய இயல்பு. அந்த இயல்பு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது.

இனி இலையும் சோறும். கதை உங்களுக்குத் தெரியும்: சூரியக் குடும்பத்திலேயே வேற்றுயிர் இருக்கக்கூடும் என்று கண்டு அனுப்பிய விண்கலம் திரும்பும் வழியில் நொறுங்கி விழ, ஆறு ஆண்டுகளில் மெக்சிகோவின் பாதி தொற்றுப் பகுதியாக வேலியிடப்படுகிறது, முதலாளியின் மகளைப் பத்திரமாக அமெரிக்காவுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரன் தலையில் விழுகிறது. வழியில் அவன் அந்தப் பெண்ணிடம் ஒரு கணக்குச் சொல்கிறான்: உயிரினம் கொன்றுபோட்ட குழந்தையின் படத்துக்கு உன் அப்பாவின் நிறுவனம் 50,000 டாலர் தரும், சிரிக்கும் குழந்தையின் படத்துக்கு ஒன்றும் கிடைக்காது. பின்னர் ஒரு சிறுமியின் சடலத்தைக் காணும்போது அவன் கேமராவை எடுப்பதில்லை. தன் மேல்சட்டையால் அவளை மூடிவிட்டு நகர்கிறான். வசனமே இல்லாத காட்சி அது. அரக்கனைக் காட்டு, அழிவைக் காட்டு என்று கேட்கும் பார்வையாளர்களாகிய நாம் அந்த 50,000 டாலரைக் கொடுக்கிற கட்சியா, சட்டையால் மூடுகிற கட்சியா என்று படமே நம்மைக் கேட்டுவிட்டது. உங்கள் வட்டத்தில் நடந்த சண்டை படத்துக்குள் முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

குறை இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. நாயகன், நாயகி இருவரின் பேச்சும் பல இடங்களில் இழுவை. முன்கூட்டி எழுதிய வசனம் குறைவாக இருப்பதன் விலை அது. எல்லையில் எழும்பி நிற்கும் பெருஞ்சுவரைக் கோயில் கோபுரம் போன்ற பழைய கட்டிடத்தின் உச்சியிலிருந்து பார்த்து, வெளியிலிருந்து பார்த்தால் அமெரிக்கா வேறு மாதிரி தெரிகிறது என்கிற பொருளில் பேசிக்கொள்ளும் இடம், மாணவர் கட்டுரை. மெக்சிகோ எல்லையில் சுமார் 700 மைல் வேலிக்கு அமெரிக்கா 2006லேயே சட்டம் போட்டுவிட்ட நிலையில், பார்வையாளருக்கு அதை இவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. இருவரையும் காட்டுவழியே அழைத்துச்செல்லும் காவலாளிகள் இரவுத் தாக்குதலில் மாள்கிறார்கள். காலையில் படம் அவர்களை மறந்துவிடுகிறது. அனுதாபத்தைப் பற்றிய படத்தில் அந்த மறதி சின்னக் குறை அல்ல. எழுந்து போனவர்கள் இந்தக் காரணத்துக்காகப் போயிருந்தால் நான் அவர்கள் பக்கம்.

ஆனால் அவர்கள் அதற்காகப் போகவில்லை. போனதால் இரண்டை இழந்தார்கள். முதலாவது, டெக்சாஸில் ஆளில்லாத பெட்ரோல் பங்க் காட்சி. கடைக்குள் நுழையும் நீண்ட உணர்கொம்பு, ஒளிரும் தொலைக்காட்சித் திரையைத் தடவிப் பார்க்கிறது. நாயகி இணைப்பைப் பிடுங்கியதும் வந்த வழியே விலகிப் போகிறது. வெளியே, கட்டடத்தை விட உயரமான இரண்டு உயிரினங்கள் ஒன்றையொன்று தொட்டு, உடலெங்கும் ஒளி ஓட, இருளில் பின்னி நிற்கின்றன. அவை சண்டையிடவில்லை. அரக்கனைக் காட்டவில்லை என்கிறீர்களே, தலை முதல் கால் வரை காட்டிய இடம் இதுதான். இரண்டாவது, படத்தின் தொடக்கத்தில் பச்சை நிற இரவுக் காட்சியாக வந்த ராணுவ வண்டி, முணுமுணுக்கும் சிப்பாய், பெண்ணைச் சுமந்தபடி உதவி கேட்டுக் கத்தும் ஆள்: அது கதையின் முடிவு என்பது கடைசி நிமிடத்தில்தான் புரியும். இடையில் போனவர்களுக்கு அந்தத் தொடக்கம் இன்னும் வெறும் ராணுவத் தாக்குதல்தான்.

கேள்வியோடு உங்கள் திரையிடல் அழைப்பிதழையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். ‘மனித குலத்தை நடுங்க வைக்கும் வேற்றுக்கிரக அரக்கர்களின் வெறியாட்டம்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அந்த இலையைப் போட்டவர் எட்வர்ட்ஸ் அல்ல.